விடுமுறைக் காலம் நெருங்குகிறது, உடற்பயிற்சியை விடாமல் இருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட விடுமுறைக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கும்போதே பலருக்குப் பயிற்சி தளர ஆரம்பித்துவிடும். முடிக்க வேண்டிய வேலை குவிந்திருக்கும். பயண ஏற்பாடு, வாங்க வேண்டிய சாமான், வரப்போகும் விருந்தாளிகள் என்று மனசும் வேறு பக்கம் போய்விடும். "எல்லாம் முடியட்டும், அப்புறம் ஒரேயடியாக ஆரம்பிக்கலாம்" என்று தோன்றுவது இந்த நேரத்தில்தான். அதையொட்டி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

எப்படியும் விடுமுறையில் எல்லாம் கலைந்துவிடும். இப்போது கஷ்டப்பட்டு என்ன பயன்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுமுறை பத்து நாள்தான். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஆறு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட்டு, திரும்பி வந்தபின் "இந்த வாரம் போகட்டும்" என்று இன்னும் இரண்டு வாரம் ஓட்டினால் ஏறக்குறைய பத்து வாரம் ஆகிவிடும்.

உடம்பைப் பொறுத்தவரை பத்து நாள் இடைவெளியும் பத்து வார இடைவெளியும் ஒன்றல்ல. ஓடினால் மூச்சு வாங்காமல் இருக்கும் திறன், பயிற்சியை முழுதாக நிறுத்திய இரண்டு வாரத்துக்குப் பிறகு குறையத் தொடங்கும். தசை பலம் இன்னும் கொஞ்சம் பொறுமைசாலி. மூன்று, நான்கு வாரம் வரை பெரிதாக இறங்காது. ஆகவே பத்து நாள் ஓய்வால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. சேர்த்ததைக் கரைப்பது விடுமுறைக்கு முன்னும் பின்னும் வீணாகும் வாரங்கள். உங்கள் முயற்சி போக வேண்டிய இடமும் அந்த வாரங்கள்தான். விடுமுறை நாட்களை நிம்மதியாகக் கழியுங்கள்.

விடுமுறைக் காலத்தில் உண்மையில் எவ்வளவு எடை ஏறும்?

பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 195 பேரைப் பின்தொடர்ந்து, 2000-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதில் பிரபலம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறிய எடை 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. ஆனால் தங்களுக்கு ஏறியதாக அவர்கள் நினைத்துக்கொண்டது அதைப்போல் பல மடங்கு.

இதில் சந்தோஷப்பட ஒரு பாதி, கவனிக்க ஒரு பாதி. ஏறிய அந்தக் கொஞ்சம், பின்னால் வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருடா வருடம் கால் கிலோ, அரைக் கிலோ என்று சேர்ந்தால் பத்து வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்கனவே எடை அதிகமாக இருந்தவர்களில் சிலருக்கு இரண்டு கிலோவுக்கு மேலும் ஏறியது. முன்பைவிட அதிகம் நடமாடியதாகச் சொன்னவர்களுக்கு ஏற்றம் குறைவாக இருந்தது.

எனக்கு ஆர்வமே வரவில்லை. அதை எப்படி வரவழைப்பது?

வரவழைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மோட்டிவேஷன் வீடியோ பார்த்து வரும் வேகம் மறுநாள் காலை அலாரம் அடிக்கும்போது இருக்காது. ஆர்வம் பெரும்பாலும் வார்ம்-அப் முடிந்த பிறகு வந்து சேரும். அதுவரை உங்களை நகர்த்திக் கொண்டுபோக வேறு ஏதாவது வேண்டும்.

நான் அறிந்தவரை நன்றாக வேலை செய்வது, எப்போது, எங்கே, என்ன என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2002-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மையை விளக்கும் வாசகம் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினர் அதோடு "இந்த நாள், இந்த நேரம், இந்த இடம்" என்று எழுதியும் கொடுத்தார்கள். எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். நன்மையைப் படித்ததோடு நின்றவர்களில் பத்துக்கு நான்கு பேர்கூடச் செய்யவில்லை. நல்லது என்று எல்லோருக்கும்தான் தெரியும். தெரிந்து என்ன?

எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "வாரம் மூன்று நாள் பயிற்சி செய்வேன்" என்று எழுதினால் அது ஆசை. இப்படி எழுதிப் பாருங்கள்: "செவ்வாய், வியாழன், சனி. பல் துலக்கியதும் ட்ராக் பேண்ட் மாற்றிக்கொண்டு, ஹாலில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, 20 நிமிடம். காலையில் தவறினால் வேலையிலிருந்து வந்ததும், உட்காருவதற்கு முன்." அந்தக் கடைசி மூன்று சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துவிட்டால் அன்றைக்கு எழுந்திருக்க மாட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே தடுக்கி விழும் இடத்தையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்: மழை பெய்தால் என்ன, மீட்டிங் நீண்டால் என்ன, விருந்தாளி வந்தால் என்ன.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த 21, பிளாஸ்டிக் சர்ஜரி செய்துவந்த ஒரு அமெரிக்க மருத்துவர் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். "குறைந்தது" என்ற சொல் காலப்போக்கில் காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் பிடிபட, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட அதிக நாள் ஆனது. நாலாவது வாரத்திலும் ஷூவை மாட்ட மனசு வரவில்லை என்றால் உங்களிடம் குறை எதுவும் இல்லை, நாள் போதவில்லை, அவ்வளவுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

ஐந்து கிலோ குறைப்பதாக இருந்தேன். விடுமுறைக்குள் முடியாது போலிருக்கிறது. இலக்கைக் குறைத்துக்கொண்டால் அது தோல்விதானே?

பாதுகாப்பாக எடை குறையும் வேகம் வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. மூன்று வாரம்தான் மீதி என்றால் ஐந்து கிலோ நடக்காது. நடக்க வைக்கிறேன் என்று சாப்பாட்டைப் பாதியாக்கினால், முதல் விருந்திலேயே மொத்தமும் திரும்பி வரும்.

இந்தக் காலத்துக்கு "இருக்கும் எடையிலேயே நிற்பது" என்பதே கௌரவமான இலக்கு. சுற்றியிருக்கிறவர்களுக்கெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு ஏறாமல் இருப்பது சின்ன விஷயமா? எடையை விட்டுவிட்டுச் செயலை எண்ணுவது இன்னும் நல்லது. இந்த வாரம் எத்தனை முறை பயிற்சி செய்தேன், எத்தனை நாள் நடந்தேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது. எடை மெஷின் காட்டும் எண் முழுதாக உங்கள் கையில் இல்லை. அது ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

நேரமே கிடைப்பதில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு செய்தால் போதும்?

பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. கடுமையானது என்றால் நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கும். ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்தது. இப்போது அந்த நிபந்தனை இல்லை. நாலு நிமிடம் வேகமாகப் படியேறினாலும் கணக்கில் சேரும்.

புதிதாகச் சேர்ப்பதற்குத்தான் இவ்வளவும் வேண்டும். ஏற்கனவே சேர்த்ததைக் காப்பாற்ற ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகச் செய்தால் போதும். 2011-ல் வந்த ஒரு ஆய்வில், சில மாதம் நன்றாக எடைப் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று). 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு 32 வாரம் கழித்தும் தசையின் அளவு இறங்கவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அளவு போதவில்லை, பலம் பெரும்பாலும் நின்றாலும் தசை கொஞ்சம் கரைந்தது. அவர்கள் வாரம் இரண்டு நாளுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. ஓட்டம், சைக்கிள் போன்றவற்றிலும் இதே கதைதான். 1980-களின் ஆய்வுகளில், வாரத்துக்கு ஆறு நாள் செய்தவர்கள் இரண்டு நாளாகக் குறைத்தும் 15 வாரம் வரை திறனைத் தக்க வைத்தார்கள். ஆனால் வேகத்தைக் குறைத்தபோது திறன் இறங்கியது. நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம். தீவிரத்தைக் குறைக்கக் கூடாது.

நேரமில்லாத நாளுக்கு என்று ஒரு சின்னத் திட்டம் கைவசம் இருக்கட்டும். நான் பரிந்துரைப்பது 12 நிமிடத்தில் முடிவது. முதல் இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, தோளைச் சுழற்றுவது. அப்புறம் நாற்காலிக்கு முன்னால் நின்று, உட்காரப் போவதுபோல் இறங்கி, பின்பக்கம் நாற்காலியைத் தொட்டதும் எழுவது, 12 முறை. உடனே புஷ்-அப், முடிந்த அளவு. தரையில் வராவிட்டால் சமையலறை மேடையின் விளிம்பைப் பிடித்துச் செய்யலாம். அதன்பின் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டிலையோ பையையோ முன்பக்கம் குனிந்து வயிற்றுப் பக்கம் இழுப்பது, 12 முறை. கடைசியாக 30 வினாடி பிளாங்க், அதாவது குப்புற, முழங்கையையும் கால் விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது. ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும். மூன்று சுற்று முடியும்போது வியர்வை வந்திருக்கும். வரவில்லை என்றால் இறங்கும்போது வேகத்தைக் குறையுங்கள், மூன்று எண்ணி மெதுவாக இறங்கினால் அதே 12 முறை வேறு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் தவறினால் அந்த வாரமே போய்விடுகிறது. ஏன் இப்படி?

முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்ற மனநிலைதான். ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். ஹெர்மன் 1975-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீம் முன்னால் உட்கார வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் கட்டுப்பாடாக இருந்தவர்கள் நேர்மாறாக, குடித்த பிறகு இன்னும் அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி இன்றைக்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

விதி எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ, உடையும்போது அவ்வளவு சத்தம். "தினமும்" என்று வைத்துக்கொண்டவருக்கு ஒரு நாள் விட்டாலே திட்டம் முடிந்தது. "வாரத்தில் மூன்று, எந்த நாளானாலும்" என்று வைத்துக்கொண்டவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. நான் சொல்லும் ஒரே கண்டிப்பு, தொடர்ந்து இரண்டு முறை தவற விடக்கூடாது. ஒன்று தவறிவிட்டால் அடுத்தது அந்த 12 நிமிடமாவது நடந்தாக வேண்டும்.

விருந்துக்கு மறுநாள் எடை பார்த்தால் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. ஒரே இரவில் இவ்வளவா?

கொழுப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவழித்ததுபோக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரு விருந்தில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது.

நடந்தது இதுதான். மாவுச்சத்தும் இனிப்பும் அதிகம் சாப்பிட்டால், உடம்பு அதில் ஒரு பகுதியைத் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 250 கிராம் சேமித்தாலே தண்ணீரோடு சேர்த்து ஒரு கிலோ ஆகிவிட்டது. உப்பு கூடினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். குடலில் இருக்கும் சாப்பாட்டின் எடை தனி. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானாக இறங்கிவிடும். விருந்து நடக்கும் வாரத்தில் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், தப்பில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள்.

விருந்துக்கு முன்னால் பட்டினி கிடந்தோ, பிறகு கூடுதலாக ஓடியோ ஈடுகட்டலாமா?

பட்டினி கிடந்து போனால் பசி வெறியில் கை நிற்காது. ஓடி ஈடுகட்டுவதோ கணக்குக்கு ஒத்து வராது. ஓடும்போது, உடம்பின் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, தோராயமாக ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடை உள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. தட்டில் இரண்டாம் முறை வாங்கிய பலகாரம் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதைவிட எனக்குப் பிடிக்காதது, பயிற்சி தண்டனையாக மாறுவது. சாப்பிட்டதற்கு அபராதமாக ஓடுகிறவர் அடுத்த மாதமும் ஓடிக்கொண்டிருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பத்து பதினைந்து நிமிடம் நடப்பது வேறு விஷயம். அது ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும், கலோரிக்காக இல்லை.

சொந்தக்காரர்கள் வற்புறுத்திப் பரிமாறினால் எப்படி மறுப்பது?

டயட் என்ற சொல்லை எடுக்கவே கூடாது. எடுத்தால் அது விவாதமாகிவிடும், சுற்றியிருக்கும் எல்லோரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை, வயிறு நிறைஞ்சிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கிக்கிறேன்" என்றால் அவருக்கும் மனசு கோணாது. பாதி நேரம் அந்தக் "கொஞ்ச நேரம் கழிச்சு" வருவதே இல்லை. வந்தால் சாப்பிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பயிற்சியே போரடிக்கிறது. என்ன செய்யலாம்?

பிடித்த ஒன்றைப் பயிற்சி நேரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைப்பது ஒரு வழி. கேட்டி மில்க்மேன் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் ஒரு சோதனையில், விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும்படி சிலருக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஜிம்முக்குப் போனார்கள். ஆனால் அமெரிக்காவில் நவம்பரில் வரும் நன்றி தெரிவித்தல் நாள் விடுமுறைக்குப் பிறகு அந்த ஈர்ப்பு மங்கிவிட்டது. இந்தப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு முடிவு கிடைக்காது. விடுமுறைக்கு முன்பே, திரும்பி வந்ததும் கேட்கப் புதிதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கட்டாயமா?

இல்லை. அந்த எண் 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. சராசரியாக 72 வயதான 16,741 பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், சுமார் 7,500 ஸ்டெப்ஸுக்கு மேல் நடந்ததால் ஆயுளுக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை. இளையவர்களுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் வாட்ச் 10,000 காட்டவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் நடப்பதைவிடத் தூங்கப் போகலாம்.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்பின் மேல் கை போகும், காலையில் எழ முடியாது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவிட்டு, அலாரம் வைத்துப் பயிற்சிக்கு எழுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைக்கு மாலையில் 12 நிமிடம் போதும்.

உடம்பு சரியில்லாதபோதும் தொடர வேண்டுமா?

லேசான மூக்கடைப்பு, தும்மல் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி என்றால் முழு ஓய்வு. பயிற்சியின்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதய நோய், சர்க்கரை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

விடுமுறை முடிந்து திரும்பும்போது விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். இரண்டு வாரம் முழுதாக விட்டிருந்தால், முதல் நாள் வழக்கமாகத் தூக்கும் எடையில் பாதியோ, அதற்குக் கொஞ்சம் மேலோ போதும். செட்டும் ஒன்றிரண்டு குறைவாக. இடைவெளிக்குப் பிறகு வேகமாகச் செய்தால் தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். திங்கட்கிழமை வெறியோடு செய்தவர் புதன்கிழமை படியிறங்கக் கைப்பிடியைத் தேடுவார், வெள்ளிக்கிழமை வரவே மாட்டார். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் பழைய எடைக்கு இரண்டு மூன்று தடவையில் திரும்பிவிடலாம், ஒரு மாதம் விட்டால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயிற்சியின் நாளையும் நேரத்தையும் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே போனில் குறித்துவிடுங்கள். திரும்பி வந்து சேரும் நாளுக்கு மறுநாளாக வேண்டாம். அன்றைக்குத் துணி துவைக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.